அப்பா காலமானாராம்

ஈப்போ நீதிமன்றத்தில் பணி ஓய்வு பெறும்வரை நான் ஜுருபஹாசாவாக இருந்தேன். தமிழில் பேசுகிறவர்களின் பேச்சை மலாயிலும் ஆங்கிலத்திலும் நீதிபதிக்கு எடுத்துச் சொல்வதும், அவர் கேட்பதைத் தமிழில் திருப்பிச் சொல்வதும்தான் வேலை. அங்கே அலெஜட்லி என்ற ஆங்கிலச் சொல் காதில் விழாத நாளே கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் அலெஜட்லி ஒரு மோட்டார் சைக்கிளைத் திருடினார். அலெஜட்லி பக்கத்து வீட்டுக்காரரைப் பாராங் கத்தியால் வெட்டினார். ஒருவர் இப்படிக் குற்றம் சாட்டியிருக்கிறார், இன்னும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கும்வரை நாம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்று அதற்குப் பொருள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றாக வேண்டும். புகார் கொடுத்த ஆள், கூண்டில் ஏறிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கும் ஆள். ஆள் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.

இதை நம் ஆட்களுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. நம்மிடம் 'ஆம்' என்று ஒரு வால் இருக்கிறது. எடுத்தானாம், அடிச்சானாம், ஓடிட்டாளாம். எதன் பின்னாலும் ஒட்டலாம். ஒட்டிய பிறகு சொன்னவருக்கும் செய்திக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மலாய்க்காரர்களிடம் கொனொன் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லும்போதே 'நான் நம்பவில்லை' என்று உதடு சுழிந்துவிடும். நம் ஆமில் அந்தச் சுழிப்புகூடக் கிடையாது. சாட்சி கூண்டில் நின்றுகொண்டு, "இவன்தாங்க எடுத்தானாம்" என்பார். நீங்கள் பார்த்தீர்களா என்று நீதிபதி கேட்பார். பார்க்கவில்லை, எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் என்றால் யார்? உடனே சாட்சி என்னை முறைப்பார். கேள்வி கேட்டது நீதிபதி, முறைப்பு மட்டும் எனக்கு. ஒரு பெண்மணி வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நம்ம ஆளாக இருந்துகொண்டு நீங்களே இப்படிக் கேட்கலாமா என்று வருத்தப்பட்டார்.

பணி ஓய்வு பெற்றதும் இந்த ஆம் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். அது குனோங் ராபாட்டில் என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. சென்ற ஆண்டு ஒருநாள் காலையில் என் அப்பா காலமானாராம். அப்படிக் காலமான நேரத்தில் அவர் குளியலறையில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ரப்பர் தோட்டத்தில் டிரெஸ்ஸராக இருந்தவர். தோட்டத்து மருந்துக்கொட்டகையில் ஊசி போடுவது, கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கலக்கிக் கொடுப்பது, பெரிய வியாதி என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. தோட்டத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. வேலைதான் பெயர். கணக்கெழுதும் கிராணி, ஆட்களை வேலை வாங்கும் தண்டல், டிரெஸ்ஸர். அவரவர் வீடும் அப்படியே, டிரெஸ்ஸர் வீடு என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆள் மாறினாலும் வீடு மாறாது, பெயரும் மாறாது. அப்பாவுக்கு முன்பு ஒரு டிரெஸ்ஸர் இருந்தார். அப்பாவுக்குப் பின்பு தோட்டம் மூடும்வரை ஒருவர் இருந்தார். மூவருமே 'நம்ம டிரெஸ்ஸர் ஐயா'தான். அந்தந்தக் காலத்தில் அங்கே பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தந்த டிரெஸ்ஸர்.

இப்போது அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. பாதி செம்பனை, பாதி தாமான் வீடுகள். ஆட்கள் ஈப்போ, கோப்பெங், கமுந்திங் என்று பிரிந்து போய்விட்டார்கள். பிரிந்தவர்களை எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தவர் பழைய கிராணியின் மகன். இன்சூரன்ஸ் விற்கிறவர், என்னைவிடச் சின்னவர்தான் என்றாலும் ஊருக்கே அண்ணே. காலையில் சாமி படம், மதியம் சமையல் குறிப்பு, இரவில் யாருக்கோ ரத்தம் தேவை என்ற பழைய செய்தி. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு நான் அந்தக் குழுவில் இருந்தேன். வெளியே வந்தால், என்ன கோபமாம் என்று ஒரு விசாரணை நடக்கும்.

அன்று காலை அந்த அண்ணே பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக ஒரு செய்தி போட்டார். நம்ம டிரெஸ்ஸர் ஐயா இன்று அதிகாலை காலமானார், அலெஜட்லி ஹார்ட் அட்டாக்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, எரிச்சல்தான். மாரடைப்பு என்ன மோட்டார் சைக்கிளா திருடியது, அதன்மேல் குற்றம் சாட்ட? யார் அந்த மாரடைப்புக்கு எதிராகப் புகார் கொடுத்தார்கள்? கேள்விப்பட்டதாகச் சொல்ல வேண்டும், கொஞ்சம் படித்தவராகவும் தெரிய வேண்டும், அதற்கு ஒரு கோர்ட்டுச் சொல். பிறகுதான் செய்தியே எனக்குள் இறங்கியது. எந்த டிரெஸ்ஸர்? அப்பாவுக்குப் பின் வந்தவர் கமுந்திங்கில் மகனோடு இருக்கிறார், அவருக்கு நெஞ்சுக்கோளாறு உண்டு, அவராகத்தான் இருக்க வேண்டும். பாவம், அப்பாவிடம் ஊசி போடப் பழகிய மனிதர். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் குழு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒருவர், அவர் குனோங் ராபாட்டில் மகள் வீட்டில்தானே இருந்தார் என்று எழுதினார். இன்னொருவர், இரண்டு நாளாக உடம்பு முடியாமல் இருந்தாராம் என்றார். அப்பாவை இருமலுக்காகக் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தேன், அங்கே யாரோ பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகு, சாயங்காலம் எடுக்கிறார்களாம். சாயங்காலம் என்று நேரம் குறித்தது எந்த மகானோ, இன்றுவரை தெரியவில்லை. என் வீட்டு முகவரியை ஒருவர் போட, கும்பிடும் கைகளாக ஒரு நீண்ட வரிசை. அடுப்படியில் நின்ற எனக்கு இவை எதுவும் தெரியாது.

முதலில் வந்தது ஒரு லாரி. அதில் கெமா வந்தது, துக்க வீட்டு வாசலில் ரோட்டை அடைத்துப் போடும் கூடாரம். நான் வாசலுக்கு ஓடுவதற்குள் இரண்டு கம்பிகளை நட்டுவிட்டார்கள். யார் கேட்டது என்றால், யாரோ போன் செய்தார்களாம். அடுத்து ஒரு காரிலிருந்து மினரல் வாட்டர் பெட்டிகள் இறங்கின. அதன் பின்னால், பழைய லயத்தில் எங்களுக்கு அடுத்த வரிசையில் இருந்த அக்கா, இப்போது கோப்பெங்கில் இருப்பவர், தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அழுதபடி வந்தார். என் பெரிய பிள்ளைக்கு உயிர் கொடுத்த ஐயா போயிட்டீங்களே என்று அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு கதறும்போது, அப்பா தோளில் துண்டோடு முன் அறைக்கு வந்து, "யாரும்மா அது, என்ன ஆச்சு?" என்றார்.

அந்த அக்கா வாயை மூட மறந்து நின்றார். பிறகு பொத்தென்று தரையில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு நான் தண்ணீர் கொடுத்தேன், அவரே கொண்டு வந்த தண்ணீர்தான்.

அப்பாவுக்கு விஷயம் புரிந்ததும் கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. சட்டை மாட்டிக்கொண்டு முன் அறை நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களை ஒவ்வொருவராக வரவேற்றார். அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள், அவர் தையல் போட்ட கால்கள். மலர்வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ஒருவரைப் பார்த்து, வாங்கினதே வாங்கினே, கொஞ்சம் பெருசா வாங்கியிருக்கலாம்லா என்று கேலி செய்தார். இன்சூரன்ஸ் அண்ணே வந்தார். முகம் வெளுத்திருந்தது. கமுந்திங்கிலிருந்து வந்த செய்தியில் டிரெஸ்ஸர் என்று மட்டும்தான் இருந்தது, அவருக்கு டிரெஸ்ஸர் என்றால் அப்பாதான், சின்ன வயதில் பார்த்த ஒரே டிரெஸ்ஸர் அவர்தானே என்று என்னிடம் நியாயம் பேசினார். அப்படியானால் அந்த அலெஜட்லி எதற்கு என்று கேட்டேன். "இல்லக்கா, கன்ஃபர்ம் இல்லாததுக்கு அப்படித்தானே போடுவாங்க" என்றார். கன்ஃபர்ம் இல்லை என்றால் ஒரு போன் செய்து கேட்பதற்கு என்ன கேடு? இதை நான் சத்தமாகவே கேட்டேன். அவர் கெமாக்காரர்களைச் சமாளிக்கிற சாக்கில் வெளியே நழுவிவிட்டார்.

இதுவரை எல்லாம் சிரிக்கக்கூடிய விஷயம்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, வந்த பிறகு நிலைமை மாறியது. அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உட்கார்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "மகன் வரலயா?" என்பதுதான்.

மகன் என்றால் என் அண்ணன். கோப்பெங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான். இங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அம்மா இறந்த நாளிலிருந்து அவன் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. அண்ணி வேதக்காரக் குடும்பத்துப் பெண், கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனும் சர்ச்சுக்குப் போகத் தொடங்கினான். அம்மாவும் அப்பாவும் அதை ஏற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். அம்மாவை எடுத்த அன்று சிக்கல் வந்தது. கொள்ளி வைக்கிறேன், ஆனால் மொட்டை அடித்துத் திருநீறு பூச மாட்டேன் என்றான் அண்ணன். மாமா குதித்தார். அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கத்தினார்கள். கடைசியில் மாமாவின் மகன்தான் கொள்ளி வைத்தான். அப்பா எல்லார் முன்னாலும் அண்ணனைப் பார்த்து, என் கண் முன்னால் நிற்காதே என்றார். அவன் கார் நிறுத்தும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டான். மாமா அவன் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்ன செய்திதான் இத்தனை வருஷம் எங்கள் வீட்டைப் பிடித்த பீடை. அப்பா செத்தால்தான் இனி அந்த வாசற்படியை மிதிப்பேன் என்று அண்ணன் சொன்னானாம்.

மாமாவைத் தவிர அதைக் கேட்டவர் யாரும் இல்லை. நான் அப்பாவிடம் எத்தனையோ முறை வாதாடினேன். சாட்சி ஒருவர்தான், அவரும் அன்று ஒரு கட்சிக்காரர், சம்பந்தப்பட்டவனை நேரில் விசாரிக்கவே இல்லை, இந்த லட்சணத்தில் தீர்ப்பா என்று கேட்டேன். அப்பா கேட்டுக்கொள்வார், பதில் சொல்ல மாட்டார். அண்ணனிடம் கேட்டால், அதெல்லாம் விடு என்பான். சொன்னேன் என்றும் சொல்ல மாட்டான், சொல்லவில்லை என்றும் சொல்ல மாட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் ஓய்வுபெற்ற ஜுருபஹாசா ஒருத்தி சும்மாதானே இருக்கிறாள். காருக்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்று அவனைக் கேள் என்பார் அப்பா. அந்தக் காரை விற்றுவிடச் சொல் என்பான் அண்ணன். அவன் மகள் பரீட்சையில் தேறியது, இவர் கண்ணுக்கு ஆபரேஷன் செய்தது, எல்லாம் என் வாய் வழியாகத்தான் போய் வந்தன. கோர்ட்டில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். வீட்டில் கொஞ்சம் சர்க்கரை போட்டுத்தான் கொடுப்பேன், இல்லாவிட்டால் இரண்டு பேரும் குடிக்க மாட்டார்கள்.

மாமா கேட்ட கேள்விக்கு, தரையில் உட்கார்ந்திருந்த கோப்பெங் அக்கா நல்ல மனதோடு பதில் சொன்னார்.

"அவருகிட்ட நானே சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். பட்டறையிலதான் நின்னாரு. அப்பா போயிட்டாராம்னு சொன்னேன். சரிக்கான்னாரு."

அந்த அக்கா பஸ்ஸில் இரண்டு இடம் மாறி, அழுது, தண்ணீர் குடித்து, ஆறுதல் அடைந்து உட்கார்ந்திருக்கிறார். அண்ணனுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மாமா தொடையைத் தட்டிக்கொண்டு, செத்தா வாரேன்னவன் அதுக்கும் வரல பாரு என்று முணுமுணுத்தார். மாமாவை அந்த நாற்காலியோடு தூக்கி வெளியே வைக்க எனக்கு ஆசையாக இருந்தது.

அதன் பிறகு அப்பா யாரையும் கேலி செய்யவில்லை. வந்தவர்கள் பேசும்போது அவர் கண் கேட்டில் இருந்தது. தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவார். இந்தத் தெருவில் மோட்டார் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை, தலை திரும்பிக்கொண்டே இருந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவன் வந்தால், செத்தால்தான் வருவேன் என்று சொன்னது உண்மையாகிவிடும். வராவிட்டால், செத்தாலும் வர மாட்டான் என்றாகிவிடும். இப்படி ஒரு பரீட்சையை எந்தப் படுபாவியும் தன் மகனுக்கு வைக்க மாட்டான். இவரும் வைக்கவில்லை, ஒரு வாட்ஸ்அப் செய்தி வைத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்து, தலை வலிக்கிறது என்று தன் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

நான் சமையலறைக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன். மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டான். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, அப்பா நல்லாத்தான் இருக்காரு" என்றேன். "செத்தது கமுந்திங் டிரெஸ்ஸர்."

"எனக்குத் தெரியும்" என்றான். குரல் சரியாக இல்லை. "நீ கூப்பிடாம அப்பா எப்படிச் செத்திருப்பாரு?"

அப்படியானால் நீயே என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்று எரிந்து விழுந்தேன். அந்த அக்கா சொன்னதிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறானாம். ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு அதைத் தொடவே இல்லையாம். "கூப்பிட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?" என்றான். அதற்கு மேல் நான் அவனைத் திட்டவில்லை.

போனை அணைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனேன். மாமாவும் என் பின்னால் எழுந்து வந்து கதவோரம் நின்றார். அண்ணன் சொன்னதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். நான் கூப்பிடாததால் அவன் நம்பவில்லை, கேட்கப் பயந்துகொண்டு நிற்கிறான் என்று ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சர்க்கரையே போடவில்லை.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "இது அவன் சொன்னதா, நீ சொல்றதா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மாமா சொன்ன 'சொன்னானாம்' என்பதை இத்தனை வருஷம் கேள்வி கேட்காமல் வைத்துக்கொண்டிருந்த மனிதர், இப்போது நான் சொல்வதற்குச் சாட்சி கேட்கிறார். அதுவும் நியாயம்தான் என்று தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. போனின் ஸ்பீக்கரைப் போட்டு அவர் மடியில் வைத்தேன்.

"நேரா பேசுங்க" என்றேன். "எனக்கு ரிட்டயர் ஆயிடுச்சு."

அப்பா போனைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு குனிந்து அதனிடம் பேசினார். எப்படி இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று எதுவும் கேட்கவில்லை.

"நான் செத்தாத்தான் வருவேன்னு சொன்னியாடா?"

பட்டறையில் காற்று அடிக்கும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது. இல்லை என்று சொல்லடா, ஒரே ஒரு சொல் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"சொன்னேம்பா" என்றான் அண்ணன்.

எனக்கு முகம் எரிந்தது. ஒற்றைச் சாட்சி, கட்சிக்காரர், நிரூபணம் இல்லை என்று இத்தனை வருஷம் தொண்டை வற்ற வாதாடினேனே, அத்தனையும் போச்சு. மாமா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. கதவோரம் நின்ற மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நான்தான் அன்னைக்கே என்று ஆரம்பித்தார். முன் அறையில் தே தண்ணீர் இருக்கிறது, போய்க் குடியுங்கள் என்று அவரை அனுப்பி வைத்தேன். என் முகத்தைப் பார்த்த பிறகு அவர் மறு பேச்சுப் பேசவில்லை.

ஆனால் அப்பாவின் முகத்தில் நான் பயந்தது எதுவும் இல்லை. ஏதோ ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டதுபோல உட்கார்ந்திருந்தார்.

"அத என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்லா" என்றார். "அங்கயே ரெண்டு அறை விட்டிருப்பேன். அதோட போயிருக்கும்."

"ஆமாப்பா."

"அம்மா கெடக்கா, நான் உன்ன எல்லாரு முன்னாலயும் போடான்னேன். அதுவும் தப்புத்தான்."

அண்ணன் அழுதானா என்று எனக்குத் தெரியாது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கமுந்திங் போகணும். அவன் எங்கிட்ட வேலை பழகினவன். இவ கார் ஓட்டுனா எனக்கு முதுகு வலிக்குது. நீ வாரியா?"

"கடைய சாத்திட்டு வாரேன்" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் தேவைப்பட்டது இந்த நாலைந்து பேச்சு. தீபாவளியும் கிறிஸ்துமஸும் எத்தனை போயின, அவன் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள், அவர்களுக்குத் தாத்தாவின் முகமே நான் அனுப்பிய படங்களில்தான். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அதைச் சந்தோஷ அழுகை என்று யாராவது சொன்னால் அடித்துவிடுவேன். அப்பட்டமான ஆத்திரம். அப்பா மேல், அண்ணன் மேல், என் மேலும்தான். நான் ஒழுங்காக ஓடி ஓடிச் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் இவர்கள் நேரில் பேசாமலே காலம் தள்ள முடிந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

கெமா கழன்று லாரியில் ஏறியது. மலர்வளையத்தைக் கமுந்திங் போகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மினரல் வாட்டரில் பாதியும் அங்கே போனது. ஆட்கள் கலைந்துகொண்டிருக்கும்போது அண்ணன் வந்து சேர்ந்தான். குளிக்கக்கூட இல்லை, முழங்கை வரை கறுப்பு எண்ணெய். கேட்டுக்கு வெளியே நின்றான். அப்பா கார் சாவியோடு இறங்கிப் போனார். கட்டிப்பிடிக்கவில்லை, ஒன்றும் இல்லை. சாவியைக் கொடுத்தார். அண்ணன் காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, பின் டயரை எட்டி மிதித்துப் பார்த்து, ஏதோ சொன்னான். அப்பா ஏதோ பதில் சொன்னார். நான் வாசலில் நின்றேன், எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். நீ வருகிறாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் திரும்பி வருவதற்குள் இன்சூரன்ஸ் அண்ணே போன் செய்துவிட்டார். கமுந்திங்கில் இருக்கிறாராம். அப்பாவும் அண்ணனும் ஒரே காரில் வந்து இறங்கினார்களாம், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்களாம், எல்லாருக்கும் ஆச்சரியமாம்.

"என்னக்கா பேசினாங்களாம்?" என்றார்.

எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசையாக இருந்தது. வயிறு எரியும் அளவுக்கு ஆசை.

"எனக்குத் தெரியாது" என்றேன். "பக்கத்துலதானே நிக்கறாங்க. அவங்களையே கேளுங்க."